ஆஸ்பத்திரிக்குப் பெயர் தந்த நீதிபதி

கிடர்பூர், எக்பால்பூர், மோமின்பூர் பகுதிகளில் குடியிருக்கும் நம்மவர்களுக்கு இரண்டு ஆஸ்பத்திரிகளைத் தெரியாமல் இருக்க முடியாது. ஒன்று பி.ஜி. மற்றொன்று சம்புநாத். பி.ஜி.யில் இடம் கிடைக்காவிட்டால் சம்புநாத்துக்குப் போ என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார். மூட்டை தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டவரும், பிள்ளைப்பேற்றுக்கு மனைவியை அழைத்துப் போகிறவரும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் பஸ் ஏறுவார்கள்.

சம்புநாத் என்பது யார்? நம்மில் பலர் அதைச் சுவாமி பெயர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். சம்பு என்றால் சிவபெருமான்தானே. யாரோ பக்திமான் ஈசுவரன் பெயரால் தர்ம ஆஸ்பத்திரி கட்டியிருப்பார் என்பது சிலர் எண்ணம். பெயர்ப் பலகையில் பண்டிட் என்ற சொல்லையும் படித்தவர்கள், சமஸ்கிருதப் பண்டிதர் ஒருவர் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இரண்டும் சரியல்ல. அவர் வைத்தியரும் அல்ல, பணத்தைக் கொட்டிக் கட்டடம் எழுப்பிய சேட்டும் அல்ல. கல்கத்தா ஹைகோர்ட்டில் நீதிபதி ஆசனத்தில் அமர்ந்த முதல் இந்தியர் அவர். இந்த நாட்டில் ஹைகோர்ட் என்று ஏற்பட்டவை எல்லாவற்றிலுமே அவருக்கு முன் எந்த இந்தியரும் அப்படி அமர்ந்ததில்லை.

அவர் வாழ்க்கையைக் குமாஸ்தா வேலை பார்க்கும் அன்பர்கள் தெரிந்துகொள்வது நல்லது. ஏனென்றால் அவரும் ஒரு குமாஸ்தாதான். மாதம் 20 ரூபாய் சம்பளத்தில் ரிக்கார்டு அறையில் கட்டுக் கட்டாகக் காகிதம் அடுக்கியவர்.

வெளியூர்க் குடும்பம்

சம்புநாத் பண்டிட் 1820-ஆம் ஆண்டு கல்கத்தாவில் பிறந்தார். பிறந்தது வங்காளத்தில் என்றாலும் வங்காளிக் குடும்பம் அல்ல. காஷ்மீரத்துப் பிராமணர்கள். பண்டிட் என்பது அவர் படித்து வாங்கிய பட்டம் அன்று. காஷ்மீரப் பிராமணர்களுக்கு உள்ள குலப் பெயர். நேருஜியைப் பண்டிட் ஜவாஹர்லால் என்று அழைத்தார்களே, அதே வழக்கம்தான்.

காஷ்மீரத்தைவிட்டு இறங்கிய அந்தச் சமூகத்தார் டில்லி, லக்னோ, அலகாபாத் என்று பரவினார்கள். பாரசீக மொழியில் கெட்டிக்காரர்கள். மொகலாயர் ஆட்சியிலும், நவாபுகள் ஆட்சியிலும், பிறகு கும்பெனி ஆட்சியிலும் எழுத்து உத்தியோகம் அவர்களுக்குச் சுலபமாகக் கிடைத்தது. பிழைப்பைத் தேடி ஊர் விட்டு ஊர் போனவர்கள் என்ற வகையில் அவர்கள் கதைக்கும் நம் கதைக்கும் அதிக வித்தியாசம் இல்லை. மொழி தெரியாத ஊரில் குடியேறி, அந்த ஊர்க்காரர்கள் நடுவே தலை நிமிர்வதற்கு இரண்டு தலைமுறை ஆகும்.

பையனைப் படிப்புக்காக லக்னோவுக்கு அனுப்பினார்கள். அங்கே உருதுவும் பாரசீகமும் கற்றார். அப்போது கோர்ட்டு மொழி பாரசீகம். வியாஜ்யக்காரன் வங்காளியாக இருப்பான். தீர்ப்பளிக்கும் துரை இங்கிலீஷ்காரராக இருப்பார். இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத பாரசீகத்தில் வழக்கு நடக்கும். 1837-ஆம் ஆண்டில் அந்த ஏற்பாட்டைச் சட்டம் போட்டு மாற்றினார்கள். கீழ்க் கோர்ட்டுகளில் அந்தந்த ஊர் பாஷை, மேலே இங்கிலீஷ் என்று ஆயிற்று. பாரசீகத்தை மட்டுமே நம்பியிருந்த எத்தனையோ குடும்பங்களின் பிழைப்பில் மண் விழுந்தது. சம்புநாத் அதற்குள் கல்கத்தாவுக்குத் திரும்பி, கௌர்மோகன் ஆட்டி என்பவர் 1829-ல் ஆரம்பித்த ஓரியண்டல் செமினரி என்ற பள்ளியில் இங்கிலீஷ் படித்துக்கொண்டிருந்தார். பழைய மொழியும் கையில் இருந்தது, புதிய மொழியும் வந்து சேர்ந்தது. பின்னால் அவருக்கு ஏற்பட்ட உயர்வுக்கெல்லாம் இதுவே வித்து என்று எனக்குத் தோன்றுகிறது.

20 ரூபாய் உத்தியோகம்

1841-ல் சதர் திவானி அதாலத்தில் ரிக்கார்டு கீப்பருக்கு உதவியாளராக அவர் சேர்ந்தார். சம்பளம் மேலே சொன்ன 20 ரூபாய்.

சதர் திவானி அதாலத் என்பதைச் சற்று விளக்க வேண்டும். அந்தக் காலத்துக் கல்கத்தாவில் மேலான கோர்ட்டுகள் இரண்டு. 1774-ல் தொடங்கிய சுப்ரீம் கோர்ட் ஒன்று. அது ராஜாவின் கோர்ட்டு. பட்டணத்துக்குள் இங்கிலீஷ் சட்டப்படி நடப்பது. அங்கே பாரிஸ்டர்கள் மட்டுமே வாதாடலாம். வெளி ஜில்லாக்களிலிருந்து வரும் சிவில் அப்பீல்களைக் கேட்பது இரண்டாவதான சதர் கோர்ட். அது கும்பெனியின் கோர்ட்டு. அங்கே சட்டப் படிப்பே இல்லாத கலெக்டர் உத்தியோக துரைகள் நீதிபதிகளாக இருப்பார்கள். நம் நாட்டு வக்கீல்கள் வாதாடுவார்கள். மைதானத்துக்குத் தெற்கே லோயர் சர்க்குலர் ரோட்டில் அந்தக் கோர்ட்டு இருந்தது. இன்றைக்கு அந்த ரோட்டுக்கு ஆசார்ய ஜகதீஷ் சந்திர போஸ் பெயர். பிற்காலத்தில் அந்தக் கட்டடம் ராணுவ ஆஸ்பத்திரியாக மாறிற்று.

கோர்ட்டு அங்கே இருந்ததால் வக்கீல்களும் குமாஸ்தாக்களும் பவானிப்பூரிலும் கிடர்பூரிலும் வீடு பார்த்துக்கொண்டார்கள். கவி மைக்கேல் மதுசூதன தத்தரின் தகப்பனார் ராஜநாராயண தத்தர் சதர் கோர்ட்டில் பெயரெடுத்த வக்கீல். அவர் வீடு கட்டிக்கொண்டது கிடர்பூரில்தான். 1892-ல் டாக் திறந்து கப்பல்கள் உள்ளே வருவதற்கு முன்னால் கிடர்பூர் ஒரு வக்கீல் ஊராகவும் இருந்தது என்றால் இன்று நம்ப மாட்டார்கள்.

ரிக்கார்டு அறை வேலை எப்படிப்பட்டது என்று அந்த வேலை பார்த்தவர்களுக்கே தெரியும். தூசியும் கரையானும் தும்மலும்தான் கண்ட பலன். பெரும்பாலானவர்கள் கட்டின் மேலே எழுதியுள்ள நம்பரைப் பார்ப்பார்கள், உள்ளே பார்க்க மாட்டார்கள். சம்புநாத் உள்ளே படித்தார். பிறகு அவரை டிக்ரி நிறைவேற்றும் பிரிவில் குமாஸ்தாவாகப் போட்டார்கள். அங்கேதான் அவர் கண் திறந்தது எனலாம்.

கோர்ட்டில் ஜெயிப்பது ஒன்று, பணம் கைக்கு வருவது வேறொன்று. வருஷக்கணக்கில் அலைந்து டிக்ரி வாங்கியவன், அதை நிறைவேற்ற மறுபடியும் மனுப் போட வேண்டும். எதிராளி அதற்குள் நிலத்தை மைத்துனன் பெயருக்கு எழுதி வைத்திருப்பான். ஜப்தி என்றால் அது என்னுடைய மாடு அல்ல, அண்ணனுடையது என்பான். நோட்டீசு வாங்காமல் ஒளிந்துகொள்வான். காகிதத்தில் ஜெயித்தவன் வீட்டில் அடுப்பு எரியாது. இன்றைக்கும் இந்தச் சங்கடம் தீர்ந்துவிடவில்லை என்பது ஊரில் பாகப் பிரிவினை வழக்கு நடத்திய அன்பர்களுக்குத் தெரியும்.

அந்தச் சட்டத்தில் உள்ள ஓட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, ஒரு சாதாரண குமாஸ்தாவாக இருந்துகொண்டே சம்புநாத் ஒரு சிறு புத்தகம் எழுதினார். மேலதிகாரிகளின் கோர்ட்டு நடக்கும் முறையில் குறை இருக்கிறது என்று கீழே இருப்பவன் எழுதினால் என்ன நடக்கும் என்பது தெரிந்த விஷயம். ஆனால் அவர் விஷயத்தில் அது நல்லதாகவே முடிந்தது. நீதிபதிகள் படித்தார்கள், ஆளைக் கவனித்தார்கள். புகார்க் கடிதமாக எழுதாமல், எந்த இடத்தில் என்ன தடுக்கிறது என்று வேலை தெரிந்தவனாக எழுதியதே அதற்குக் காரணமாக இருக்க வேண்டும்.

1848-ல் அவர் சதர் கோர்ட்டில் வக்கீலானார். ஐந்து வருஷத்தில், 1853-ல், ஜூனியர் சர்க்கார் வக்கீல். 1855-ல் ஹிந்து காலேஜ் பிரசிடென்சி காலேஜாக மாறியபோது அங்கே சட்ட ஆசிரியர். 1861-ல் சீனியர் சர்க்கார் வக்கீல். 20 ரூபாயில் ஆரம்பித்து இருபதே வருஷம்.

பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பினார்

உத்தியோகத்தில் உயர்ந்தவர்கள் ஊர் வம்பில் தலையிட மாட்டார்கள். மேலே போகப் போகப் பயமும் கூடும். சம்புநாத் அந்த ரகம் அல்ல.

1849-ஆம் ஆண்டு மே மாதம் பெத்தூன் என்ற வெள்ளைக்கார அதிகாரி கல்கத்தாவில் ஹிந்துப் பெண்களுக்கு ஒரு பள்ளிக்கூடம் திறந்தார். முதலில் சேர்ந்த சிறுமிகள் 21 பேர். பெண் படித்தால் விதவையாவாள் என்ற நம்பிக்கை பலமாக இருந்த காலம். நம் பக்கத்துக் கிராமங்களிலும் இப்படிச் சொன்னவர்கள் உண்டு. பள்ளிக்குச் சிறுமிகளை அழைத்துப் போக வண்டி ஒன்று ஏற்பாடு செய்து, மகளையும் மகனைப் போலவே வளர்த்துப் படிக்க வைக்க வேண்டும் என்ற கருத்துள்ள சமஸ்கிருத வாக்கியத்தை அதன் பக்கத்தில் எழுதி வைத்தார்கள். சாஸ்திரத்தைக் காட்டித் தடுப்பவர்களுக்குச் சாஸ்திரத்தாலேயே பதில். இருந்தாலும் பெண்களை அனுப்பிய குடும்பங்களை ஊரார் பழித்தார்கள், விலக்கி வைக்கவும் துணிந்தார்கள்.

சம்புநாத் அந்த ஆரம்ப நாட்களிலேயே தம் மகளை அங்கே சேர்த்தார். அவருக்கு அப்போது வயது 29. வக்கீல் தொழிலில் காலூன்றி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. போதாக்குறைக்கு வெளியூர்க் குடும்பம். உள்ளூர்க்காரர்கள் பகைத்துக்கொண்டால் கட்சிக்காரர்கள் வராமல் போகலாம். கூட்டத்தில் பெண் கல்விக்காகப் பேசுவது சுலபம். சொந்தப் பெண்ணை அந்த வண்டியில் ஏற்றி அனுப்புவதற்கு வேறு தைரியம் வேண்டும்.

வித்தியாசாகரர் விதவை மறுமணத்துக்காகப் போராடி 1856-ல் சட்டம் வந்தபோதும் சம்புநாத் அவர் பக்கம் நின்றார். பவானிப்பூரில் அவருக்கு நெருங்கிய நண்பர் ஹரிஷ் சந்திர முகர்ஜி. ராணுவக் கணக்கு ஆபீசில் 25 ரூபாய்க் குமாஸ்தாவாகச் சேர்ந்து, மாலை நேரத்தில் ஹிந்து பேட்ரியட் பத்திரிகையை நடத்தியவர். நீலத் தோட்ட துரைகள் குடியானவர்களைப் படுத்திய பாட்டை ஊர் உலகுக்குச் சொன்னது அந்தப் பத்திரிகை. ஹரிஷ் 1861-ல் 37 வயதுக்குள் இறந்து போனார். பி.ஜி. ஆஸ்பத்திரியின் ஓரமாகப் போகும் ஹரிஷ் முகர்ஜி ரோடு அவர் பெயரால் ஏற்பட்டது. பகலில் வெள்ளைக்காரனிடம் சம்பளம், இரவில் அவன் அநியாயத்துக்கு எதிராகப் பேனா என்று வாழ்ந்த அந்தக் குமாஸ்தாவைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரையே எழுதலாம்.

காலியான நாற்காலி

1861-ல் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது. அதன்படி சுப்ரீம் கோர்ட்டையும் சதர் கோர்ட்டையும் ஒன்றாகச் சேர்த்து ஹைகோர்ட் அமைத்தார்கள். கல்கத்தா ஹைகோர்ட் 1862 ஜூலை 1-ந் தேதி தொடங்கியது. பம்பாயும் சென்னையும் ஆகஸ்டு மாதத்தில் தொடங்கின. அந்த வகையில் ஒன்றரை மாதம் மூத்தது கல்கத்தா. 2001-ல் நகரத்தின் பெயரை அதிகாரபூர்வமாகக் கொல்கத்தா என்று மாற்றிய பிறகும் அந்தக் கோர்ட்டு மட்டும் பழைய பெயரையே வைத்துக்கொண்டிருக்கிறது.

புதிய சட்டத்தில் ஒரு சிறு வாசல் திறந்திருந்தது. பாரிஸ்டர்களும் சிவில் சர்வீஸ்காரர்களும் மட்டும் அல்லாமல், சதர் கோர்ட்டில் பத்து வருஷம் வக்கீலாக இருந்தவர்களும் நீதிபதியாகலாம் என்று அதில் இருந்தது. சீமைக்குப் போகாமல், பாரிஸ்டர் பட்டம் இல்லாமல், இங்கேயே தொழில் பழகிய ஒருவருக்கு முதன்முதலாக வழி கிடைத்தது.

முதலில் நியமனம் பெற்றவர் சம்புநாத் அல்ல. ராஜா ராம்மோகன் ராயின் மகன் ரமாபிரசாத் ராய். சதர் கோர்ட்டில் முதல் இந்திய சர்க்கார் வக்கீலாக இருந்தவர். ஆனால் விதி வேறு மாதிரி இருந்தது. நியமனம் வந்தும், ஆசனத்தில் ஒரு நாள்கூட உட்காராமல், 1862 ஆகஸ்டில் அவர் காலமாகிவிட்டார்.

ஒரு இந்தியரை நியமித்தோம், அவர் இறந்து போனார், அத்தோடு சரி என்று சர்க்கார் கையைக் கழுவியிருக்கலாம். அப்படிக் கழுவுவதற்கு யோசனை சொல்ல ஆட்களும் பஞ்சமில்லை. கலகம் நடந்து ஐந்து வருஷம்தான் ஆகியிருந்தது. இந்தியர் என்றாலே சந்தேகத்தோடு பார்த்த காலம். இருந்தும் அந்த இடத்தை இன்னொரு இந்தியருக்கே கொடுத்தார்கள். 1863 பிப்ரவரியில் சம்புநாத் பண்டிட் ஹைகோர்ட் நீதிபதியானார். அவருக்கு அப்போது 43 வயதுகூட நிறையவில்லை.

நீதிபதிகள் ஏறக்குறைய பதினைந்து பேர். அவர்களில் இவர் ஒருவரே கறுப்பர். தலைமை நீதிபதி சர் பார்ன்ஸ் பீகாக், பெரிய பாரிஸ்டர். வாதாட வந்தவர்களிலும் பாரிஸ்டர்களுக்கு ஒரு மரியாதை, வக்கீல்களுக்கு ஒரு மரியாதை என்று இருந்தது; பட்டணத்து மூல வழக்குகளில் வக்கீல் வாயைத் திறக்கவே முடியாது. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு வக்கீல், அதுவும் அதே கோர்ட்டின் பழைய ரிக்கார்டு அறைக் குமாஸ்தா, பாரிஸ்டர்களின் வாதத்தைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் இடத்தில் உட்கார்ந்தார். ஆற்றங்கரைப் பக்கம் இன்று நாம் பார்க்கிற உயர்ந்த கோபுரமுள்ள செங்கல் கட்டடத்தில் அவர் உட்காரவில்லை. அது கட்டி முடிந்தது 1872-ல். அவர் அதற்கு ஐந்து வருஷம் முன்பே போய்விட்டார்.

பதினைந்து நீதிபதிகள் கேட்ட வழக்கு

அவர் காலத்தில் நடந்த வழக்குகளில் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. 1865-ஆம் ஆண்டு நடந்த குத்தகை வழக்கு. சட்டப் புத்தகங்களில் பெரிய குத்தகை வழக்கு என்றே அதற்குப் பெயர்.

விஷயம் இதுதான். 1859-ஆம் ஆண்டின் 10-வது சட்டப்படி, பன்னிரண்டு வருஷம் தொடர்ந்து உழுத குடியானவனை நிலத்தைவிட்டு எழுப்ப முடியாது. ஆனால் விளைபொருளின் விலை ஏறினால் நியாயமான அளவுக்குக் குத்தகையை உயர்த்தலாம் என்று இருந்தது. நியாயமான அளவு எது? ஹில்ஸ் என்ற நீலத் தோட்ட துரை தம்முடைய குடியானவன் ஒருவன் மேல் போட்ட வழக்கில் தலைமை நீதிபதி பீகாக் ஏற்கனவே ஒரு கணக்குச் சொல்லியிருந்தார். சாகுபடிச் செலவு, கூலி, போட்ட முதலுக்குச் சாதாரண லாபம் இவற்றைக் கழித்துவிட்டு, மிச்சமெல்லாம் நிலத்துக்காரனுக்கு என்பது அந்தக் கணக்கு. சீமையில் பொருளாதார நூல் எழுதியவர்கள் சொன்ன கணக்கு அது.

ஒரு உதாரணம் வைத்துப் பார்ப்போம். வயலில் விளைந்தது 10 ரூபாய் பெறும். குத்தகை 4 ரூபாய், குடியானவனுக்கு 6 ரூபாய். விலை ஏறி அதே விளைச்சல் 15 ரூபாய் பெறுகிறது. செலவும் கூலியும் பழைய 6 ரூபாய்தான் என்றால், பீகாக் கணக்குப்படி குத்தகை 9 ரூபாய் ஆகிவிடும். விலை உயர்ந்ததால் வந்த 5 ரூபாயும் ஜமீன்தாருக்கே போகும். மழையில் நனைந்தவனுக்கு ஒன்றும் இல்லை. இங்கிலாந்தில் குத்தகைக்காரன் பணம் படைத்தவன். கட்டாவிட்டால் வேறு பண்ணைக்குப் போவான். வங்காளத்துக் குடியானவன் எங்கே போவான்? அவனுக்கு நிலத்தில் தலைமுறை உரிமை ஒன்று இருந்ததே, அது என்ன ஆவது?

இந்தக் கேள்வி மறுபடியும் வந்தபோது ஹைகோர்ட்டின் பதினைந்து நீதிபதிகளும் ஒரே பெஞ்சாக உட்கார்ந்தார்கள். குடியானவர்கள் பக்கம் துவாரகாநாத் மித்திரர் என்ற இளம் வக்கீல் நாள்கணக்கில் நின்று வாதாடினார். முடிவில் பதினாலு நீதிபதிகள் ஒரு பக்கம், தலைமை நீதிபதி ஒருவர் மட்டும் மறுபக்கம். பழைய குத்தகை பழைய விலைக்கு எந்த விகிதத்தில் இருந்ததோ, அதே விகிதத்தில்தான் புதிய குத்தகையும் இருக்க வேண்டும் என்பது தீர்ப்பு. நம்முடைய உதாரணத்தில் குத்தகை 6 ரூபாய், குடியானவனுக்கு 9 ரூபாய். அந்தப் பதினாலு பேரில் சம்புநாத் ஒருவர். மற்றவர்கள் எல்லோரும் வெள்ளையர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். நியாயம் தோலைப் பார்த்து வருவதில்லை. ஆனால் மற்றவர்களுக்கு வங்காளத்து நிலமும் குத்தகையும் விசாரித்து அறிந்த விஷயம். சம்புநாத்துக்கோ டிக்ரிக் கட்டுகளில் வருஷக்கணக்காகக் கையால் புரட்டிய விஷயம்.

நான்கே வருஷங்களுக்குச் சற்று மேல் அவர் நீதிபதியாக இருந்தார். 1867 ஜூன் 6-ந் தேதி பதவியில் இருக்கும்போதே காலமானார். வயது 47. அவருக்குப் பின் அந்தக் குத்தகை வழக்கில் வாதாடிய துவாரகாநாத் மித்திரரே நீதிபதியானார். 1874-ல் அவரும் சின்ன வயதில் போய்விட, ரமேஷ் சந்திர மித்திரர் வந்தார். 1882-ல் ரமேஷ் சந்திரர் தலைமை நீதிபதியாகத் தற்காலிகமாகப் பணி செய்தார். சம்புநாத் சரியாகச் செய்திராவிட்டால் இந்த வரிசை இவ்வளவு சுலபமாக வந்திருக்காது. முதலாவதாகப் போகிறவன் தவறினால், அவன் ஜாதி ஜனமே லாயக்கில்லை என்று சொல்வது ஆள்பவர்கள் வழக்கம்.

நம் ஊரில் என்ன நடந்தது

சென்னை ஹைகோர்ட்டுக்கு இந்திய நீதிபதி கிடைக்க இன்னும் பதினைந்து வருஷம் பிடித்தது. திருவாரூர் முத்துஸ்வாமி அய்யர் 1878-ல் வந்தார். அவர் கதையும் இதே ஜாடை. தஞ்சை ஜில்லாவில் 1832-ல் பிறந்து, தகப்பனாரை இழந்து, கிராமக் கணக்கரிடம் மாதம் ஒரு ரூபாய்க்கு எழுத்து வேலை பார்த்த சிறுவன். தாசில்தார் ஒருவர் கண்ணில் பட்டு நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் படித்தார். முன்சீப், டிபுடி கலெக்டர், மாஜிஸ்திரேட் என்று ஒவ்வொரு படியாக ஏறியவர்.

அவரை நீதிபதியாக்கியபோது சென்னையில் வெள்ளைக்காரர்கள் நடத்திய பத்திரிகைகள் கூச்சல் போட்டன. அதற்குப் பதில் சொல்ல நமக்கென்று ஒரு பத்திரிகை இல்லையே என்று திருவல்லிக்கேணியில் ஆறு இளைஞர்கள் கூடி, ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி, 80 பிரதிகள் அச்சிட்டார்கள். 1878 செப்டம்பர் 20-ல் ஹிந்து பத்திரிகை பிறந்தது இப்படித்தான். ஒரு நீதிபதியின் நியமனத்தால் ஒரு பத்திரிகை பிறந்தது என்பது பத்திரிகை படிக்கிற நமக்கு வேடிக்கையான செய்தி. 1893-ல் முத்துஸ்வாமி அய்யரும் சில மாதம் தலைமை நீதிபதியாக இருந்தார், 1895-ல் காலமானார். சென்னை ஹைகோர்ட்டுக்குள்ளே காலில் செருப்பில்லாமல் உட்கார்ந்திருக்கும் சலவைக்கல் சிலை அவருடையது.

கிடர்பூர்க்காரர் மதுசூதன தத்தர் 1848 முதல் 1856 வரை சென்னையில்தான் வாத்தியார் வேலை பார்த்தார். முத்துஸ்வாமி அய்யர் அங்கே மாணவராக இருந்ததும் அந்த வருஷங்களில்தான். திரும்பி வந்த தத்தர் போலீஸ் கோர்ட்டில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார்; பிறகு சீமைக்குப் போய்ப் பாரிஸ்டராகி, சம்புநாத் இறந்த அதே 1867-ல் கல்கத்தா ஹைகோர்ட்டில் பதிவு செய்துகொண்டார்.

பெயர் நிலைத்த விதம்

சென்னையில் நீதிபதிக்குக் கோர்ட்டுக்குள்ளேயே சிலை வைத்தார்கள். பவானிப்பூரிலோ நீதிபதியின் பெயரை ஒரு தெருவுக்கும் ஓர் ஆஸ்பத்திரிக்கும் வைத்தார்கள். எது சிறந்தது என்று கேட்டால் நான் ஆஸ்பத்திரி பக்கம்தான் பேசுவேன். சிலையை வழக்குக்கு வருகிறவன் பார்ப்பான். அவனும் கவலையில் நிமிர்ந்து பார்க்க மாட்டான். ஆஸ்பத்திரியின் பெயரை ரிக்க்ஷாக்காரன் சொல்கிறான், பிரசவ வலி எடுத்த பெண்ணின் தாயார் சொல்கிறாள்.

பெயர் வைப்பதாலேயே பெயர் நின்றுவிடும் என்றும் சொல்ல முடியாது. பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. பிரசிடென்சி ஜெனரல் ஆஸ்பத்திரிக்கு 1954-ல் சேட் சுக்லால் கர்னானி ஞாபகார்த்த ஆஸ்பத்திரி என்று புதுப் பெயர் சூட்டினார்கள். சீட்டிலும் பலகையிலும் எஸ்.எஸ்.கே.எம். என்று இருக்கிறது. ஜனங்கள் வாயில் இன்றும் பி.ஜி.தான். எல்ஜின் ரோட்டுக்கு லாலா லஜபதி ராய் பெயரை வைத்தும் பாதிப் பேர் எல்ஜின் என்றே சொல்கிறார்கள். சம்புநாத்தின் பெயர் மட்டும் பலகையிலும் இருக்கிறது, வாயிலும் இருக்கிறது. காஷ்மீரத்துக் குடும்பத்தில் வந்தவரைத் தங்கள் ஊர்க்காரராகவே வங்காளிகள் வைத்துக்கொண்டுவிட்டார்கள்.

இதற்கு நேர் எதிராகவும் ஒன்று நடந்திருக்கிறது. காங்கிரஸ் மகாசபையின் முதல் தலைவர் உமேஷ் சந்திர பானர்ஜி கிடர்பூரில் பிறந்தவர். சம்புநாத் படித்த ஓரியண்டல் செமினரியில் படித்தவர். 1862-ல் ஓர் அட்டர்னி ஆபீசில் குமாஸ்தாவாகத் தொடங்கி, சீமைக்குப் போய்ப் பாரிஸ்டராகிப் பெரும்பணம் சேர்த்தார். லண்டனுக்குப் பக்கத்தில் குராய்டனில் ஒரு பங்களா வாங்கி அதற்கு அவர் வைத்த பெயர் கிடர்பூர். 1906-ல் அந்த வீட்டில்தான் அவர் உயிர் பிரிந்தது.

சம்புநாத் பண்டிட் ஆஸ்பத்திரி இன்று சர்க்கார் ஆஸ்பத்திரி; பி.ஜி.யோடு சேர்ந்து நடைபெறுகிறது. எல்ஜின் ரோடு என்கிற லாலா லஜபதி ராய் சரணியில், நேதாஜி வாழ்ந்த வீடு இருக்கும் அதே ரோட்டில் இருக்கிறது. சம்புநாத் பண்டிட் தெரு அங்கிருந்து கூப்பிடு தூரம்.